மணி அடித்தவருக்கு முதல் பதில்

எந்தத் தொழிற்பேட்டையிலும் ஒரு சுற்று வந்து பாருங்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். ஸ்பேனர்களின் வடிவத்தை வரைந்து, அதனதன் இடத்தில் மாட்டி வைத்த பலகை சுவரில் இருக்கும். வாசலருகே ஒரு போர்டு. உற்பத்தி, ரிஜெக்‌ஷன், பாதுகாப்பு, யோசனை என்று நான்கு கட்டம். கிட்டப் போய்த் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் கஸ்டமர் ஆடிட் வந்துபோன வாரத்தோடு அது நின்றிருக்கும்.

கோடு போடுவதும் பலகை மாட்டுவதும் வீண் என்று சொல்லவில்லை. அவற்றை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், முந்தைய அத்தியாயங்களில் வழியும் சொல்லியாயிற்று. ஆனால் கற்றுக்கொண்டது ஏன் ஆறு மாதத்தில் காணாமல் போகிறது என்பதற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. மெஷினில் நிற்பவர் “இது சரியில்லை” என்று வாய் திறந்த பிறகு, அடுத்த ஐந்து நிமிடத்தில் அவருக்கு என்ன நடக்கிறது? லீன் என்ற பெயரில் நீங்கள் செய்யும் செலவெல்லாம் நிலைப்பதும் கரைவதும் அங்கேதான். இந்த அத்தியாயம் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது.

அதே ஆட்கள், வேறு ஃபாக்டரி

“இதெல்லாம் ஜப்பான்காரனுக்குத்தான் சரிப்படும், நம்ம ஆட்களுக்கு வராது” என்று சொல்பவர்களுக்காகவே நடந்ததுபோல ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே 1960களில் ஒரு கார் ஆலையைத் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் ஆலைகளிலேயே மோசமானவற்றில் ஒன்று என்று பெயர் வாங்கிய இடம் அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். வருகிறவர்களில் சிலர் குடித்துவிட்டு வருவார்கள். நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தில் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவதும் உண்டு. வண்டி ஓடும்போதெல்லாம் அது உருண்டுகொண்டிருக்கும். நிர்வாகம் கறாராக வைத்திருந்த விதி ஒன்றுதான்: என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. தப்பாகப் பொருத்திய கார் அப்படியே நகர்ந்து, கடைசியில் ரிப்பேருக்கென்று ஒதுக்கிய முற்றத்தில் போய் நிற்கும். 1982-ல் ஆலையை இழுத்து மூடினார்கள்.

இரண்டு வருடம் கழித்து டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தன. கம்பெனிக்கு நும்மி என்று பெயர். நிர்வாகம் டொயோட்டாவின் கையில். வேலைக்கு எடுத்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆலையில் இருந்தவர்கள். தொழிற்சங்கமும் அதே சங்கம். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானில் டொயோட்டா நகரத்தின் டகாவோகா ஆலைக்கு அனுப்பி, அங்குள்ளவர்களின் பக்கத்தில் நின்று வேலை பார்க்க வைத்தார்கள். 1984 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஓரிரு வருடத்தில் கார்களின் தரம் டகாவோகாவுக்குச் சமமாக வந்துவிட்டது. வேலைக்கு வராமல் இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்று ஆனார்கள். அங்கே இன்ஜினியராக இருந்த ஜான் கிராஃப்சிக் பிறகு எம்ஐடி ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து, 1988-ல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் ‘லீன்’ என்ற சொல் முதன்முதலில் இந்த முறைக்குப் பெயராக வந்தது.

மெஷின்களைப் பார்த்து இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கயிற்றைப் பார்க்க வேண்டும். லைனில் நிற்பவரின் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். பொருத்துவதில் சிக்கல் என்றால் அவர் அதை இழுக்கலாம். இழுத்ததும் பலகையில் அந்த இடத்தின் எண் எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும். லைன் நின்றுபோகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடனே நிற்காது. கார் அந்த இடத்தின் எல்லைக் குறியைத் தொடும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் குழுத் தலைவர் வந்து சேர்ந்திருப்பார். இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் கயிற்றை மறுபடி இழுத்து விளக்கை அணைக்கலாம், லைன் நிற்காமலே போகும். எல்லைக்குள் முடியவில்லை என்றால்தான் அந்தப் பகுதி மட்டும் நிற்கும்.

கயிறும் விளக்கும் மலிவு. காசு ஆகிற விஷயம் அந்தக் குழுத் தலைவர். ஐந்தாறு பேருக்கு ஒருவர். அவருக்கென்று லைனில் நிரந்தர வேலை இல்லை. கயிறு இழுபட்டால் சில நொடியில் போய் நிற்பதுதான் அவர் வேலை. ஆள் வராத நாளில் அந்த இடத்தில் நிற்பார், புதியவருக்குக் கற்றுக்கொடுப்பார், வேலை முறையைத் திருத்துவார். நும்மியைப் பார்க்க வந்த மேலாளர்கள் கயிற்றைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். இந்த ஆளைப் பார்த்தவர்களுக்கு “சும்மா நிற்கிறானே” என்றுதான் தோன்றியிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்னொரு கலிபோர்னியா ஆலையான வான் நைஸில் குழு முறையைக் கொண்டுவர முயன்றது. தொழிலாளிகளே இரண்டு அணியாகப் பிரிந்தார்கள், மேற்பார்வையாளர்களும் மனசு வைக்கவில்லை. 1992-ல் அந்த ஆலை மூடப்பட்டது.

டொயோட்டா குடும்பத்துக்கு இந்தப் புத்தி தறியிலிருந்து வந்தது. சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் ஒரு காவல் ஆள் வேண்டியதில்லை. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுந்த நூலோடு ஓடிய தறி எவ்வளவு துணியைக் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் பட்டறையில் அந்த ஐந்து நிமிடம்

நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு மெஷின் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். பம்ப் உறைகளை வார்ப்படமாக வாங்கி, டர்னிங், ட்ரில்லிங், டேப்பிங் செய்து, பெயின்ட் அடித்து அனுப்புகிற இடம். காலை பதினொரு மணி. டர்னிங்கில் நிற்கும் பையன் உறையின் உள்பக்கத்தில் ஊசித்துளை பார்க்கிறான்.

“அண்ணா, இந்தக் காஸ்டிங்ல ஓட்டை இருக்குதுங்க.”

“எத்தனை பீசுல?”

“இதோட மூணு ஆச்சுங்ணா.”

“சரி, ஓட்டு. சாயங்காலம் பாத்துக்கலாம்.”

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. இன்று முந்நூறு பீஸ் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு மேலே இருப்பவர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் யாரும் பார்க்கப்போவதில்லை. பையன் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: சொன்னால் பலன் இல்லை, சொல்லாவிட்டால் நஷ்டம் இல்லை. அடுத்த முறை ஓட்டையைப் பார்த்தாலும் பார்க்காதவன் மாதிரி மாட்டி ஓட்டுவான். அதற்கப்புறம் எத்தனை யோசனைப் பெட்டி வைத்தாலும் அதில் ‘குடிக்கத் தண்ணீர் வேண்டும்’ என்ற சீட்டைத் தவிர ஒன்றும் விழாது.

இதன் விலையைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் பொருளுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வார்ப்படம் 300 ரூபாய். டர்னிங்கிலேயே பிடித்தால் ஃபவுண்டரிக்குத் திருப்பிவிடலாம், நஷ்டம் வேலைக்கூலி மட்டும், 40 ரூபாய் என்று வையுங்கள். ட்ரில்லிங், டேப்பிங், பெயின்ட் எல்லாம் முடிந்து கசிவுச் சோதனையில் பிடித்தால் 200 ரூபாய் கூலி போயிருக்கும்; பெயின்ட் அடித்த உறையை ஃபவுண்டரிக்காரர் திரும்ப எடுக்கவும் முரண்டு பிடிப்பார். கஸ்டமரிடம் போய்ப் பிடிபட்டால் டெபிட் நோட் வரும். அதோடு உங்கள் ஆட்கள் இருவர் அங்கே போய் மொத்த லாட்டையும் பிரித்துப் பார்த்து ஒதுக்க வேண்டும். போக வர பஸ் செலவு, சாப்பாடு, இரண்டு நாள் சம்பளம். மூன்று ஓட்டைக்கு இவ்வளவு. “சாயங்காலம் பாத்துக்கலாம்” என்ற சொல்லின் விலை இது.

யார் ஓடுவது

முதல் முடிவு: மணி அடித்தால் ஓடிவர, எட்டுப் பேருக்கு ஒருவரை மெஷினிலிருந்து விடுவிக்க வேண்டும். நாற்பது பேர் ஷாப்பில் ஐந்து பேர் ஆகிறதே என்று நெஞ்சைப் பிடிக்காதீர்கள். ஒரு செல்லில், ஒரு ஷிஃப்டில், ஒருவரோடு தொடங்குங்கள். யாரை எடுப்பது? வேலை தெரிந்தவரை. பொதுவாக முதலாளிகள் உற்பத்தி குறையக் கூடாது என்று மெஷினில் மந்தமானவரை இதற்குத் தள்ளிவிடுவார்கள். அது காசை ஆற்றில் போடுவது. மற்றவர்கள் சந்தேகம் வந்தால் தாங்களாகவே யாரிடம் போய்க் கேட்கிறார்களோ, அவர்தான் சரியான ஆள்.

அவர் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்குக் கை பரபரக்கும். “அந்த ட்ரேயைத் தூக்கிட்டுப் போய் பெயின்டிங்ல வை” என்று வாய் வரை வரும். தீயணைப்பு நிலையத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று யாரும் அவர்களை மாவாட்டச் சொல்வதில்லை. மணி அடிக்காத நேரத்தில் செய்ய அவருக்கு வேலை இருக்கிறது: வந்திறங்கிய வார்ப்படங்களைச் சோதிப்பது, அடுத்த ஜாபுக்கான டூல்களை எடுத்து வைப்பது, புதிய பையனுக்கு வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது. ஆனால் மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடக்கூடிய வேலைகளாக மட்டும் இருக்கட்டும்.

மணிக்குப் பெரிய செலவு இல்லை. வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் போதும். மெஷின் சத்தத்தில் கேட்காது என்றால் ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு சிவப்பு பல்பும் ஒரு சுவிட்சும். எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. பல லட்சம் சொல்லி டிஜிட்டல் பலகை விற்க ஆள் வருவார்கள். முதல் வருடம் அவர்களுக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

என்ன பேசுவது

இரண்டு நிமிடத்துக்குள் போய் நிற்க வேண்டும். வாயில் வரும் முதல் வார்த்தையை முன்கூட்டியே பழகி வைக்க வேண்டும்; இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள், நடித்துப் பார்த்தே பழகுங்கள். “சொன்னது நல்லதாப் போச்சு, காட்டு பாக்கலாம்.” அவ்வளவுதான். ‘யார் செட்டிங் போட்டது’, ‘நேத்து நல்லாத்தானே ஓடுச்சு’, ‘உனக்கு மட்டும் எப்படி வருது’ ஆகிய மூன்றும் வாயில் வரக் கூடாது. ஆளைத் தேடும் கேள்வி முதலில் வந்துவிட்டால் பொருளைப் பற்றிய பதில் பிறகு கிடைக்காது.

பார்த்த பிறகு மூன்று வழிதான். அங்கேயே சரிசெய்ய முடிந்தால் சரிசெய்வது: இன்செர்ட் தேய்ந்திருக்கும், கூலன்ட் குழாய் விலகியிருக்கும், ஃபிக்ஸ்சரில் சுருள் மாட்டியிருக்கும். பாதிக்கு மேல் இந்த ரகம்தான். இரண்டாவது, காரணம் தெரியவில்லை என்றாலும் கெட்டது மேலே போகாமல் தடுப்பது: சிவப்பு ட்ரேயில் ஒதுக்கி, அதே லாட்டில் மிச்சம் உள்ளதை நூறு சதவீதம் பார்ப்பது. மூன்றாவது, தன் கைக்கு மீறியது என்றால் எழுதி மேலே அனுப்புவது. ஊசித்துளை விஷயம் ஃபவுண்டரியோடு பேச வேண்டியது. அது முதலாளியின் போனுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

எழுதுவதற்கு ஒரு நீண்ட நோட்டு, அல்லது சுவரில் சாதாரண வெள்ளைப் பலகை. தேதி, என்ன பிரச்னை, யார் எடுத்திருக்கிறார், என்ன ஆச்சு. நான்கு கட்டத்துக்கு மேல் வேண்டாம். ‘யார்’ என்ற கட்டத்தில் ‘மெயின்டனன்ஸ்’, ‘குவாலிட்டி’ என்று துறையை எழுதவிடாதீர்கள். ஆள் பெயர் வேண்டும். அடுத்த நாள் ஷிஃப்ட் தொடங்கும் முன் ‘என்ன ஆச்சு’ கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். “ஃபவுண்டரிக்குப் பேசியாச்சு, வெள்ளிக்கிழமை ஆள் வருது” என்பது பதில். “இப்போதைக்கு முடியாது, புது ஃபிக்ஸ்சருக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான்” என்பதும் பதில். முடியாது என்ற பதிலைத் தொழிலாளி தாங்கிக்கொள்வார். பதிலே இல்லாததைத்தான் அவர் மறப்பதில்லை.

நிறைய பேர் இங்கே வந்து யோசனைகளை எண்ணத் தொடங்குவார்கள். தலைக்கு மாதம் இரண்டு யோசனை என்று கணக்கு வைத்தால் கணக்குக்காக யோசனை வரும். மாதக் கடைசியில் சூப்பர்வைசரே உட்கார்ந்து எழுதுவார். நீங்கள் வாராவாரம் பார்க்க வேண்டிய எண் வேறு: பதில் எழுதாமல் கிடப்பதில் பழையது எத்தனை நாள் பழையது? அது பத்து நாளைத் தாண்டினால் ஷாப்பில் யாரோ ஒருவர் ஏற்கெனவே பேசுவதை நிறுத்திவிட்டார்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கும் ஷாப்களில் இன்னொரு விஷயம் உண்டு. தமிழில் எழுதிய பலகை அவர்களுக்குச் சுவர்தான். கெட்ட பீஸின் போட்டோவை எடுத்து ஒட்டுங்கள். நல்லது ஒன்று, கெட்டது ஒன்று, இரண்டும் பக்கத்தில். ஓடுகிற ஆளுக்கு இந்தி கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். காலை ஐந்து நிமிடக் கூட்டத்தில் அவர்களில் ஒருவரைப் பேசவிடுங்கள். முதல் வாரம் கூச்சப்படுவார்கள். மூன்றாவது வாரம் மெஷினைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்களில் ஒருவர் சொல்லுவார்.

மிச்சமாகிற ஆள் எங்கே போவார்

இதைத் தெளிவாகச் சொல்லாமல் யாரிடமும் முன்னேற்றம் கேட்காதீர்கள். மூன்று பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்யலாம் என்று அந்த மூவரே கண்டுபிடித்தால், மூன்றாமவர் வீட்டுக்குப் போவாரா? அதற்கு உங்கள் பதில் என்ன என்று ஷாப்பில் உள்ள எல்லோரும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருமுறை ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால் அதுவே கடைசி முன்னேற்றம்.

நும்மியில் இதை வாய்ச்சொல்லாக விடவில்லை, தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதினார்கள். கம்பெனியின் இருப்புக்கே ஆபத்து என்கிற நிலைமை வந்தாலொழிய ஆட்குறைப்பு கிடையாது. அப்படி வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்திருந்த வேலையை உள்ளே கொண்டுவருவார்கள். எழுதியது சோதனைக்கும் வந்தது. 1987, 88-ல் அந்த ஆலையின் கார் சரியாக விற்கவில்லை. உற்பத்தி திறனில் அறுபது சதவீத அளவுக்கு இறங்கியது. ஒருவரையும் அனுப்பவில்லை. மிச்சமான ஆட்களைப் பயிற்சிக்கும், வேலை முறையைத் திருத்தும் குழுக்களுக்கும் மாற்றினார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு நிர்வாகம் சொன்னதைத் தொழிலாளிகள் நம்பினார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை.

சின்ன ஷாப்பால் எல்லாவற்றுக்கும் உறுதி கொடுக்க முடியாது. ஆர்டரே இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும்: நீங்கள் சொன்ன யோசனையால் யாருக்கும் வேலை போகாது, கூலி குறையாது. மிச்சமாகிறவரை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிற வேலையை உள்ளே எடுத்துச் செய்ய வையுங்கள். அல்லது அவரே இரண்டாவது ஓடும் ஆள். வழக்கமாகச் செய்யும் தப்பு, அந்த மூவரில் பலவீனமானவரை விடுவிப்பது. டொயோட்டாவில் வல்லவரைத்தான் எடுப்பார்கள். அப்போது ‘எடுக்கப்படுவது’ தண்டனையாகத் தெரியாது, பதவி உயர்வாகத் தெரியும்.

பீஸ் ரேட் உள்ள இடங்களில் கத்தி இன்னும் கூர். திருப்பூரில் பவர் டேபிளில் உட்காருகிறவர் கையை வேறு மாதிரி வைத்து ஒரு மணிக்கு இருபது பீஸ் கூடுதலாகத் தைத்தார் என்று வையுங்கள். அடுத்த ஆர்டரில் ரேட்டைக் குறைத்தால் அவர் மட்டுமல்ல, லைனில் உள்ள அத்தனை பேரும் வேகத்தை மறைக்கப் பழகுவார்கள். மேற்பார்வையாளர் வரும்போது ஒரு வேகம், போன பிறகு ஒரு வேகம். முறையைக் கண்டுபிடித்தவர் தொழிலாளி என்றால் அந்த வேலைக்கு ரேட் மாறாது என்று சொல்லிவிடுங்கள். புதிய மெஷின் நீங்கள் போட்டு வேகம் கூடினால் ரேட் பற்றிப் பேசலாம். அதையும் மெஷினைப் போடும் முன்பே பேச வேண்டும்.

முதலில் எதைத் தொடுவது: செட்டிங்

மணி அடிக்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு, எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். செட்டிங் மாற்றுவதை எடுங்கள். அதில் நேரம் குறைந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. செட்டருக்கு முதுகு வலி குறையும், ஆபரேட்டருக்குக் காத்திருப்பது குறையும்.

இந்தத் துறையின் ஆசான் ஷிகியோ ஷிங்கோ. 1950-ல் ஹிரோஷிமாவில் மஸ்தா கார்களைச் செய்யும் கம்பெனியின் பிரெஸ் ஷாப்பில் அவர் உட்கார்ந்து பார்த்தார். எண்ணூறு டன் பிரெஸ்ஸில் டை மாற்ற வேண்டும். பழைய டையைக் கழற்றியதும் தொழிலாளி எங்கோ ஓட ஆரம்பித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் வேலை நகரவில்லை. விசாரித்தால், புதிய டையை இறுக்க ஒரு போல்ட் காணவில்லை! கடைசியில் வேறொரு டையின் நீளமான போல்ட்டை எடுத்து வெட்டி, மரை போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஒரு போல்ட்டிலிருந்து ஷிங்கோ எடுத்தது இரண்டு வகை: மெஷின் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை ஒன்று, மெஷின் ஓடும்போதே செய்து முடிக்கக்கூடிய வேலை மற்றொன்று. 1969-ல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரெஸ்ஸின் செட்டிங் நான்கு மணி நேரம் பிடித்தது. முதலில் அது ஒன்றரை மணியானது. பிறகு மூன்று நிமிடத்துக்கு வந்தது.

உங்கள் ஷாப்பில் செய்யும் விதம் இது. செட்டரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு ஒரு முழு செட்டிங்கை போனில் வீடியோ எடுங்கள். கடைசி நல்ல பீஸிலிருந்து அடுத்த ஜாபின் முதல் நல்ல பீஸ் வரை. படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் செட்டர். முதலாளி அறையில் போட்டு எல்லோரும் சேர்ந்து அவரைக் குறை சொன்னால் இனி எந்தக் கேமராவின் முன்னும் அவர் இயல்பாக வேலை செய்யமாட்டார். அவரோடு சேர்ந்து எழுதுங்கள்: எத்தனை நிமிடம் கை மெஷினில் இருந்தது, எத்தனை நிமிடம் கால் நடந்தது. ஆலன் கீ தேடுவது, டிராயிங் கேட்டு ஆபீசுக்குப் போவது, கேஜ் வேறொரு மெஷினில் மாட்டிக்கொண்டிருப்பது, முதல் பீஸை குவாலிட்டியில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. ஒன்றரை மணி நேர செட்டிங்கில் பாதி இப்படிப் போவது சாதாரணம். அடுத்த ஜாபின் டூல், தாடை, டிராயிங், கேஜ் எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் முன்கூட்டியே எடுத்து வைக்க ஓடும் ஆள் இருக்கிறார். இதற்கு வண்டி ஒன்றுதான் செலவு.

மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்பதில் பெரும்பாலான முதலாளிகளோடு நான் ஒத்துப்போவதில்லை. அவர்கள் அதையும் உற்பத்தியாக மாற்றுவார்கள். கோடவுனில் இன்னும் ஆயிரம் உறை ஏறும். அந்த நேரத்தை இன்னும் சில செட்டிங்குக்கே செலவழியுங்கள். வாரம் ஒருமுறை ஆயிரம் போடுவதற்குப் பதில், நாள் விட்டு நாள் முந்நூறு. லாட் சின்னதானால் கெட்ட பீஸ் சீக்கிரம் தெரியும், பணம் இரும்பாகக் கிடக்காது, அவசர ஆர்டருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய நாட்களும் குறையும்.

கன்சல்டன்ட் பற்றி நான்கு வரி

மத்திய அரசின் சிறு தொழில் அமைச்சகம் 2023-ல் புதுப்பித்துத் தொடங்கிய லீன் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள் உண்டு. ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. விதிகள் மாறும், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற ஆலோசகர் தானே பலகை மாட்டி, தானே அறிக்கை எழுதினால் அவர் போன நாளோடு எல்லாம் போகும். ஓடும் ஆளின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க ஒப்புக்கொள்பவரை எடுங்கள்.

நம் ஊரில் நடக்குமா என்ற கேள்விக்குச் சென்னை பாடியிலேயே பதில் இருக்கிறது. சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் தர விருதான டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் நிறுவனம். 2002-ல் டிவிஎஸ் மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸ் என்று சென்னையைச் சேர்ந்த குழுமங்கள் வரிசையாக வாங்கின. இவை பெரிய கம்பெனிகள்தான். ஆனால் இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிற சின்ன ஷாப் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். யாராவது பீஸைக் கையில் தூக்கிப் பிடித்தால் யார் வருகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

மாதக் கடைசி

இதுவரை சொன்னதெல்லாம் ஐந்தாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை எளிது. இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கஸ்டமரின் வண்டி வாசலில் நிற்கும்போது டேப்பிங்கில் மணி அடிக்கும். மரை ஓவர்சைஸ். ஏற்றியதில் எத்தனை பீஸ் அப்படி என்று தெரியாது. ஷாப் முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்கும். இரண்டு மாதமாகச் சூப்பர்வைசர் பழகிய வார்த்தையை நீங்கள் சொல்கிறீர்களா என்று.

செய்ய வேண்டியது இது. ஏற்றுவதை நிறுத்துங்கள். கேஜ் போட்டுப் பார்த்துத் தேறியதை மட்டும் ஒதுக்குங்கள். கஸ்டமரின் பர்சேஸ் ஆளுக்கு நீங்களே போன் போடுங்கள், டிஸ்பேட்ச் கிளார்க்கைப் பேச விடாதீர்கள்: “முந்நூறு சொல்லியிருந்தேங்க, இப்போ இருநூத்திப் பத்து வருது, மிச்சம் நாளைக்கு மத்தியானம் என் வண்டியிலேயே வந்துரும்.” அவர் கத்துவார். கத்தட்டும். பில்லையும் அதே எண்ணுக்குப் போடுங்கள். மணி அடித்த பையனிடம் போய் எந்தப் பீஸில் முதலில் தெரிந்தது என்று கேட்டு, எல்லோர் கண்ணெதிரே பலகையில் எழுதுங்கள். ‘யார்’ என்ற கட்டத்தில் அன்றைக்கு உங்கள் பெயர்.